பத்துக் குற்றமும் சிவப்புப் பேனையும்

எங்கள் பாடசாலையில் கட்டுரைக் கொப்பி திரும்பி வரும்போது ஓரத்தில் 'மி', 'கூ', 'மா', 'தே' என்று சிவப்பு மையில் ஒற்றை எழுத்துகள் கிடக்கும். நன்னூல் என்ற இலக்கண நூலின் முன்னுரைப் பகுதியான பொதுப்பாயிரம் சொல்லும் பத்துக் குற்றங்களுக்கான குறிகள் அவை: மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்திறுதல் என்று போகும். தமிழ் மாஸ்டர் குறியை மட்டும் போடுவார். திருத்துவது எழுதின பிள்ளையின் பாடு. பாடசாலையின் நினைவு மலருக்குக் கட்டுரை எழுத இருக்கும் எவருக்கும் அந்த முறை இன்றும் கைகொடுக்கும்.

நினைவுக் கட்டுரையை அதிகம் கெடுப்பது வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளில்லாமல் வெறும் சொல்லை அடுக்குவது. 'பசுமையான அந்த நாட்கள் இன்றும் மனத்திரையில் நிழலாடுகின்றன.' எந்தப் பள்ளிக்கூடத்தின் மலரிலும் இதை அப்படியே வைக்கலாம். வைக்க முடிகிறதென்றால் வெட்டிவிடுங்கள். அந்த இடத்துக்குக் கண்ணும் காதும் பிடித்துவைத்த ஒன்று வரட்டும்: 'மாரியில் ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகும். மேசைகளை ஒதுக்கி, வாளியை வைத்துவிட்டுப் பாடம் நடக்கும். வாளி நிறைய நிறையச் சொட்டின் சத்தம் மாறும்.' 'மறக்க முடியாத' என்ற சொல் இதில் இல்லை. ஆனாலும் அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு உடனே கூரை தெரியும், இல்லாதவர்களுக்கும் சத்தம் கேட்கும்.

அடுத்தது மயங்க வைத்தல். 'கணக்குப் படிப்பித்த மாஸ்டரின் தம்பி' என்றால் கணக்குப் படிப்பித்தது மாஸ்டரா, தம்பியா? 'படிப்பித்த' போன்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் இரண்டு பெயர் வந்தால் அது எதையும் பற்றிக்கொள்ளும். வசனத்தை உடைப்பதுதான் வழி: 'மாஸ்டர் கணக்குப் படிப்பித்தார். அவருடைய தம்பி...' நீள வசனத்துக்கும் இதே வைத்தியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அதுவரை வந்த எல்லாவற்றையும் வாசிப்பவர் சுமந்துகொண்டே வரவேண்டும். வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் 'போய்' என்பதைப் 'போனோம்' என்று முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் குட்டையாக நறுக்கவும் வேண்டாம், தந்தி மாதிரி ஆகிவிடும். மூன்று குட்டைக்குப் பின் ஒரு நீளம் வந்தால் காதுக்கு இதம்.

மாறுகொளக் கூறல், அதாவது முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, பெரும்பாலும் ஆண்டுகளில் நடக்கும். முதல் பந்தியில் 1978இல் ஏழாம் வகுப்பு, நாலாம் பந்தியில் 1979இல், இன்னும் சில வகுப்பு தாண்டி எழுதவேண்டிய ஓ.எல் (சாதாரண தர) சோதனை! எழுதத் தொடங்கமுன் ஒரு தாளில் ஆண்டு, வகுப்பு, வகுப்பாசிரியர் என மூன்று நிரல் போட்டு நிரப்புங்கள். பிறகு ஒரு வகுப்புத் தோழருக்குத் தொலைபேசி எடுத்துச் சரிபாருங்கள். அந்தப் பேச்சிலேயே கட்டுரைக்கு இன்னும் இரண்டு விஷயம் கிடைக்கும்.

கூறியது கூறலைப் பிடிக்க, எழுதியதை இரண்டு நாள் மூடிவைத்துவிட்டு எடுத்தால் போதும். அறுநூறு சொல் எழுதி நானூறாகக் குறைக்கும்போது முதலில் விழுவது அதுதான்.

போகப் போகத் தேய்ந்து முடிவதுதான் சென்று தேய்ந்திறுதல். அதற்குக் காரணம் எழுதும் ஒழுங்கு. முதல் வகுப்பிலிருந்து வரிசையாகத் தொடங்குவோம். ஒன்றரைப் பக்கத்தில் எட்டாம் வகுப்புக்கூட வந்திராது, மிச்சத்தை 'இப்படி எத்தனையோ' என்று அவசரமாகக் கட்டிவிடுவோம். சொல்ல நினைத்த முக்கியமான சம்பவத்தை முதலில் தனியே எழுதி முடியுங்கள். அதற்கு எவ்வளவு முன்கதை வேண்டுமோ அவ்வளவை மட்டும் பிறகு முன்னால் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஒரு பந்திக்கு மேல் தேவைப்படாது.