கைரேகை இயந்திரமும் ஈரக் கையும்

காலையில் அலுவலக வாசலில் கைரேகை வைக்க நிற்கும் வரிசையில் உள்ளங்கை வியர்ப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தன் முறை வருமுன் பெருவிரலைக் காற்சட்டையில் இரண்டு தரம் தேய்ப்பார். வைத்ததும் சிவப்பு விளக்கு எரியும். ரேகைகளின் இடையில் நீர் நிரம்பி மேடும் பள்ளமும் ஒன்றாகிவிட்டால் இயந்திரத்துக்குத் தெரிவது ஒரு கறுப்புப் பொட்டுத்தான். லேஞ்சியால் துடைத்த கையோடு வைத்தால் பலிக்கும், சற்றுப் பிந்தினால் பழையபடி ஈரம். "என்ன தம்பி, பயமோ?" என்று பின்னால் நிற்பவர் கேட்டுவிட்டால் இன்னும் ஊறும்.

திருகோணமலையில் வியர்க்காதவர் யார்? ஆடியில் கச்சான் காற்று வீசும்போது முதுகில் வியர்வை காய்ந்து சேர்ட்டில் வெள்ளைக் கோடு விழும். அது உடல் தன் சூட்டைத் தணிக்கும் வேலை. மிகைவியர்வை என்பது வேறு. மார்கழி மழையிலும் ஏசி அறையிலும் கை சொட்டும். இரண்டு கையிலும் ஒரேயளவாக வரும், தூங்கினால் நின்றுவிடும். பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். சுரப்பிகளின் எண்ணிக்கையில் கோளாறு இல்லை. அவற்றை நம் விருப்பம் கேளாமல் ஏவும் பரிவு நரம்புதான் அளவுக்கு மிஞ்சி ஏவுகிறது. இதற்கு மாறாக, நடு வயதில் திடீரென உடம்பு முழுக்க வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ பூச்சு மருந்து தேடக்கூடாது. தைரொயிட், காசநோய், எடுக்கும் குளிசைகள் ஆகியவற்றை வைத்தியர் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் மருந்து 20 சதவீத அலுமினியம் குளோரைட் கரைசல். "பூசினேன், எரிந்தது, விட்டுவிட்டேன்" என்பவர்களில் பலர் குளித்துவிட்டு ஈரத்தோடு, அதுவும் காலையில் பூசியவர்கள். நீர் பட்டால் இந்த உப்பிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலம் உண்டாகும், எரியாமல் என்ன செய்யும்? படுக்கப் போகுமுன், நன்றாகக் காய்ந்த தோலில், மெல்லிய ஒரே பூச்சாகப் பூச வேண்டும். கை கழுவியிருந்தால் மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் காயவிடுங்கள். தூக்கத்தில் வியர்வை ஓய்ந்திருப்பதால் உப்பு வியர்வைக் குழாய்க்குள் இறங்கி அடைப்பாக உறையும். காலையில் கழுவிவிடலாம். ஒரு வாரம் ஒவ்வொரு இரவும், பிறகு வாரத்தில் ஓரிரு இரவு போதும். அக்குளை மழித்த அன்று பூசவே கூடாது. வெள்ளைச் சேர்ட்டிலும் வெள்ளி மோதிரத்திலும் பட்டால் பழுதாகும். சீனாக்காரம் தேய்க்கும் பழைய வழக்கத்திலும் வேலை செய்வது அலுமினிய உப்புத்தான், ஆனால் வலு குறைவு.

உள்ளங்கைத் தோல் தடிப்பானது. அக்குளுக்குக் கேட்கும் அளவுக்குக் கைக்கு இந்த மருந்து கேட்காது. கைக்கு, நீர் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் அயன்டோபொரெசிஸ் மேல். இரண்டு தட்டங்களில் குழாய் நீர், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மின்தகடு, அதன்மேல் துவாய். உள்ளங்கை மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட வேண்டும். கைகளை வைத்த பிறகே மின்னோட்டத்தை மெல்ல மெல்ல 15 முதல் 20 மில்லியம்பியர் வரை ஏற்றுவார்கள். 20 முதல் 30 நிமிடம், நடுவில் மின்முனைகளை மாற்றுவார்கள். இடையில் வெடுக்கெனக் கையை இழுத்தால் ஷொக் அடித்தது போலிருக்கும். மோதிரத்தைக் கழற்ற வேண்டும், வெட்டுக்காயத்தில் வஸ்லின் தடவ வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம் பத்துத் தடவைக்குள் பலருக்குக் காயும். அத்தோடு நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பிவிடும், ஆகவே வாரம் ஒருமுறையாவது தொடர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

ஒக்சிபியூட்டினின் குளிசை உடம்பு முழுவதும் வியர்வையைக் குறைக்கும். இங்கே யோசிக்க வேண்டியது அதைத்தான். குளிரறையில் கணக்கு எழுதுபவருக்கு வாய் வறட்சியும் மலச்சிக்கலும்தான் தொல்லை. வெயிலில் வள்ளம் இழுப்பவருக்கும் வீதி போடுபவருக்கும் வியர்வை நின்றால் உடற்சூடு ஏறி வெப்பத்தாக்கு வரலாம். குளிசை தரும் வைத்தியரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். கண் அழுத்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நரம்பின் ஏவலைத் தடுக்கும் பொட்டொக்ஸ் ஊசி அக்குளுக்கு ஒரு பக்கம் 50 அலகு, ஆறு மாதமளவில் தாங்கும். செலவு பெரிது. உள்ளங்கையில் போட்டால் வலியும் கடுமை, சில வாரம் பிடி தளரும். ஸ்பானர் பிடிப்பவர் அவசரப்படக்கூடாது.

நெஞ்சுக்குள் கருவி விட்டு அந்தப் பரிவு நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை கையை உடனே காயவைக்கும். ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் வியர்வை புதிதாகப் பெருகும், அதைத் திருப்ப வழியில்லை. குளிர்நாட்டில் அது சகிக்கக்கூடியதாக இருக்கலாம். கச்சானில் நாளுக்கு மூன்று சேர்ட் மாற்ற வேண்டியவருக்குக் ஈரக் கையே மேல் என்று தோன்றும்.

கை காயும்வரை வேலை நடக்க வேண்டுமே. பேரேட்டில் எழுதும்போது மணிக்கட்டின் கீழ் ஒற்றுத்தாள் வையுங்கள், ஜெல் பேனை வேண்டாம். கைரேகை பதியும் நாளில் ஒரே விரலோடு விடாமல் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைப் பதியச் சொல்லுங்கள். எதுவும் எடுபடாவிட்டால் வைத்தியரின் கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்துப் புத்தகமோ அட்டையோ கேட்கலாம்.