இரண்டு இன்குபேட்டர், ஒரு அம்மா

இரட்டைப் பிள்ளைகள் 31ஆம் வாரத்திலேயே பிறந்தால் எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். உப்புவெளியிலிருந்து போன் எடுத்த மாமியும் அதையே கேட்டார். எனக்கோ வேறு தவிப்பு. மகளிடம் நின்றால் மகனின் மொனிட்டர் கத்தும், யாரிடம் ஓடுவது?

குறைமாதப் பிள்ளைகள் இடையிடையே மூச்செடுக்க மறப்பது வழக்கம்தான், மூளை இன்னும் முதிரவில்லை, காலை மெதுவாகத் தட்டினாலே பல தடவை மூச்சு திரும்பிவிடும் என்று தாதி மிஸ்ஸி சொன்ன பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவது 34 வாரமளவில்தான் கைகூடும். அதுவரை குழாய்வழிப் பால். ஆகவே 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நடுச்சாமத்திலும் பீச்சி எடுங்கள். முதலில் சில துளிதான் வரும், சீம்பால் அது, ஒரு துளியும் வீணாக வேண்டாம்.

அப்புறம் கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. வெறும் நெஞ்சோடு பிள்ளையை அணைத்து வைப்பதுதான், அப்பாவும் செய்யலாம், இரட்டையர் என்றால் கட்டாயம் செய்யவேண்டும். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட என் கணவருக்கு, பிறகு பிள்ளையைத் திருப்பித் தரவே மனமில்லை.

இரட்டையரில் ஒருவர் முந்தி வீட்டுக்கு வரக்கூடும். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கும் அம்மம்மாவிடம் இப்போதே பேசி, அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆள் ஒழுங்குசெய்து வையுங்கள்.