முப்பது உயிர் இல்லாமல் கான்ட்ரா

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இத்தனை ஆண்டுகள் கழித்தும் கட்டைவிரலுக்கு இது மறக்கவில்லை. கான்ட்ரா என்ற வீடியோ கேமின் முகப்புத் திரையில் இந்தப் பொத்தான் வரிசையை அழுத்திவிட்டுத் தொடங்கினால் மூன்று உயிருக்குப் பதிலாக முப்பது கிடைக்கும். சிறுவயதில் நானும் அண்ணனும் இதை அழுத்தாமல் ஒரு நாளும் ஆடியதில்லை. எட்டுக் கட்டங்களையும் பலமுறை கடந்திருக்கிறோம். ஆனாலும் கான்ட்ராவை முடித்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த முறை மூன்றே உயிரோடு இறங்கினேன்.

ஆட்டம் 1987இல், காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் வந்தது. அடுத்த ஆண்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நின்டெண்டோ இயந்திரத்துக்கு வெளியான பதிப்புதான் நாங்கள் ஆடியது. ஆட்டத்தை உருவாக்கிய கொனாமி நிறுவனம் 2019இல் வெளியிட்ட தொகுப்பில் அது அப்படியே இருக்கிறது. நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது, உண்மையான முயற்சியில் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். எங்கே செத்தேன் என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்தேன்.

முதல் மூன்று மாலைகளிலும் முதல் கட்டமான காட்டையே தாண்டவில்லை. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு சிறு தாமதம். விரல்கள்தாம் தளர்ந்துவிட்டன என்று நினைத்தேன். பிறகுதான் தொலைக்காட்சியின் மேல் சந்தேகம் வந்தது. பழைய குழாய்த் திரை, வந்த சைகையை வந்தபடியே வரைந்துவிடும். இன்றைய தட்டைத் திரை படத்தை மெருகேற்றிய பிறகே காட்டும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் நாலைந்து படங்கள் பிந்தினாலே குண்டு நெஞ்சில் பாய்ந்துவிடும். அமைப்புகளில், இந்த மெருகேற்றலைக் குறைக்கும் 'கேம் மோட்' இருந்தது. அதை இயக்கியதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி ஆடும் விதத்தில் இருந்தது. முப்பது உயிர் இருந்த காலத்தில் நாங்கள் எதிரியைப் பார்த்ததே இல்லை. ஓடுவோம், சுடுவோம், சாவோம், எழுந்து மறுபடி ஓடுவோம். செத்து எழுந்த சில நொடிகளுக்கு எந்தக் குண்டும் தாக்காது என்பதால் சாவே எங்களுக்குக் கேடயமாக இருந்தது. இப்போது நிற்கப் பழகினேன். நின்று பார்த்தால், எதிரியின் குண்டு எவ்வளவு மெதுவாக வருகிறது! சுவரில் பதித்த பீரங்கி நம் பக்கம் குழலைத் திருப்பிய பிறகுதான் சுடுகிறது. தண்ணீரில் நிற்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ஆள் மூழ்கிவிடுவான், குண்டுகள் மேலே போய்விடும். அந்தத் தண்ணீரில் நான் ஒரு முறைகூடக் காத்திருந்ததில்லை.

குண்டுகள் சில நேரம் மினுமினுத்து மறைவதற்கும் இப்போதுதான் காரணம் புரிந்தது. அந்த நின்டெண்டோ இயந்திரத்தால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுச் சிறு உருவத் துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் ஒன்று மாற்றி ஒன்றாகக் காட்டிச் சமாளிக்கிறது. எனவே ஒரே உயரத்தில் நிறையப் பேர் வரும்போது, கண்ணுக்குத் தெரியாத குண்டு ஒன்றும் வருகிறது என்று வைத்துக்கொண்டு குதிப்பதே பத்திரம்.

வழியில் கிடைக்கும் ஆயுதங்களுக்கு ஆங்கில எழுத்துகளே அடையாளம், அவற்றில் எஸ் தான் அரசன். ஒரே அழுத்தலில் ஐந்து குண்டுகள் விசிறிபோல் விரியும். அது கையில் இருக்கும்போது வேறு எழுத்தைத் தொடக் கூடாது, தொட்டால் கைமாறிவிடும். ஆர் போன்ற சில மட்டும் விதிவிலக்கு, ஆர் குண்டின் வேகத்தைக் கூட்டுகிறது. எல் என்ற லேசரை நாங்கள் குப்பை என்று ஒதுக்கியிருந்தோம். மறுபடி பொத்தானை அழுத்தினால் முன்பு போன கதிர் அணைந்துவிடும், நாங்களோ படபடவென்று அழுத்துகிறவர்கள். அழுத்திவிட்டுப் பொறுத்திருந்தால் அது நல்ல ஆயுதம்தான்.

இரண்டாம் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்வேலியைத் தொடாமல், குண்டு வரும்போது குப்புறப் படுத்தால் போதும்.

மூன்றாம் கட்டம் அருவி. இங்கே திரை பக்கவாட்டில் நகராது, மேலே ஏறும். ஏறிய திரை திரும்ப இறங்காது. ஒரு நொடிக்கு முன் நாம் நின்ற பாறையாக இருந்தாலும், அது கீழ்விளிம்புக்கு அப்பால் போய்விட்டால் அங்கே விழுந்தவனுக்குச் சாவுதான். சிறுவயதில் இந்த அருவியில் நாங்கள் சண்டை போடாத நாள் இல்லை. அண்ணனின் உயிர்கள் இங்கேதான் மளமளவென்று கரையும். அண்ணனுக்குக் குதிக்க வரவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். இப்போது தனியாக, ஒவ்வொரு பாறையாக ஏறியபோது திரை எப்படி நகர்கிறது என்று முதல் முறையாகக் கவனித்தேன். அதை இழுப்பது முன்னால் ஏறுபவன். பின்னால் நிற்பவன் ஒரு தவறும் செய்யாமலே திரைக்குக் கீழே போய்ச் சாகிறான். எப்போதும் முன்னால் ஏறியது நான்.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணா, அருவியில் உங்களைக் கொன்றது நான்தான்."

"மெதுவாக ஏறு, மெதுவாக ஏறு என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்," என்றார் அண்ணன். எந்த ஆட்டம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

பனிக் கட்டத்தை விரைவில் பழகிக்கொண்டேன். ஆறாம் கட்டத்தின் முடிவில் வட்டுகளை வீசும் ராட்சதன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். நோட்டில் இருந்த 41 முயற்சிகளில் 17 ஏழாம் கட்டத்திலேயே முடிந்தன. கூரையிலிருந்து கொக்கிகள் இறங்கும், தரையிலிருந்து முள்சுவர் எழும். அந்த இடத்துக்கு முன்னால் சேமித்து வைத்து, சுடாமல், கொக்கி இறங்கி ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் நடந்து பழகினேன்.

42ஆம் முயற்சி ஒரு ஞாயிறு காலை. ஏழாம் கட்டத்தை எஸ் கையில் இருக்கவே தாண்டினேன். எட்டாம் கட்டத்தின் கடைசியில் துடிக்கும் அந்தப் பெரிய இதயத்தின் முன் வந்து நின்றபோது மீதி ஒரே உயிர், கையில் வெறும் துப்பாக்கி. சுற்றிலும் முட்டைகளிலிருந்து பூச்சிகள் பாய்ந்தன. அவற்றைச் சுட்டு, இரண்டு குண்டு இதயத்துக்கு, மறுபடி பூச்சிகள். இதயம் வெடித்தபோது நான் பொத்தானை விடவில்லை, இன்னும் சுட்டுக்கொண்டே இருந்தேன். தீவு வெடித்துச் சிதற, ஹெலிகாப்டர் விலகிப் பறந்தது. அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பெயர்கள் ஓடி முடியும் வரை எழுந்திருக்காமல் பார்த்தேன்.

அடுத்த மாதம் அண்ணன் வருகிறார். இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கி வைத்துவிட்டேன். ஆளுக்கு மூன்று உயிர். அருவியில் அவர் முன்னால் ஏறுவார்.