கூரை இடுக்கில் செருகியிருந்த கால்

இன்னும் சில மாதங்களில் எனக்கு ஓய்வு. 1994 இல் மட்டக்களப்பில் ஒரு சின்னப் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தவன், இன்று வரை செயற்கைக் கால், கலிப்பர் (பலமில்லாத காலைத் தாங்கக் கட்டும் சட்டம்), முதுகுப் பட்டி என்று இதே வேலைதான். அப்பா தச்சர் என்பதால் அரமும் உளியும் கைக்குப் பழக்கம், அதை வைத்தே எடுத்தார்கள். ராகமையில் இதற்கென்று பள்ளி 2004 இல்தான் வந்தது. அங்கே மூன்று வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் சில வேளை என்னிடம், "நீங்க எப்படிப் பழகினீங்க சேர்?" என்று கேட்பார்கள். உண்மையில் நான் பழகியது 2002 இல், ஒரே ஒரு காலில். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

2000 இல் படுவான்கரையிலிருந்து ஓர் ஐயா வந்தார். வயல்காரர். மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி வாவி கடந்து, சோதனைச் சாவடி தாண்டி வந்து சேரவே அரைநாள் போகிற காலம் அது, அவருக்கும் அவசரம், அவரை விட எனக்கு அவசரம். ஒரு நாள் அளவு, அடுத்த கிழமை கால். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் பத்துத் தரம் நடந்து காட்டினார், நன்றாகத்தான் நடந்தார், கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அப்புறம் அவர் வரவே இல்லை. வராததை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்ததும், கால் வாங்கியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவருடைய வளவுக்குள் சைக்கிளை நிறுத்தும்போது அவர் மரக்கட்டை ஒன்றில் நடந்து வந்தார். தானே செதுக்கிய கட்டை. "கால் எங்க ஐயா?" என்றேன். அண்ணாந்து பார்த்தார். கூரை இடுக்கில் யூரியாப் பைக்குள் சுற்றிச் செருகியிருந்தது, பாதத்தின் அடியில் ஒரு கீறல் கூட இல்லை.

"கோயிலுக்குப் போறதுக்கெண்டு வச்சிருந்தனான் தம்பி. கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போட்டுட்டுப் போனன். வாசல்ல செருப்பக் கழட்டினன், மணல்ல மல்லாக்க விழுந்துட்டன். மறுகா போடயில்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. பட்டறையில் அவரைச் செருப்போடு நிற்க வைத்துத்தான் காலின் சாய்வைச் சரி பார்த்தேன். செருப்பைக் கழற்றினால் குதி தாழும், தாழ்ந்தால் கணைக்கால் பின்பக்கம் சாயும், முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும், மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். மணலில் குதி புதைந்தால் இன்னும் மோசம். வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நடக்கிற மனிதருக்கு நான் செருப்புக் கால் செய்து கொடுத்திருக்கிறேன். 1968 இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மாவும் 'ஜெய்ப்பூர் கால்' என்கிற ரப்பர்ப் பாதத்தைச் செய்ததே நம்மைப் போல வெறுங்காலோடு நடக்கிற, குந்தியிருக்கிற சனத்துக்காகத்தான். சர்மா பட்டதாரி இல்லை, கைவினைஞர். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் ஐயாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கட்டையைக் கழற்றித் தரச் சொல்லி வெகுநேரம் பார்த்தேன். பாலை மரம், அடியில் டயர்த் துண்டு ஆணியடித்து, மேலே குடைந்த குழிக்குள் பழைய சாரத் துணி. துணி இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தது: முழங்கால் சில்லுக்குக் கீழே ஒன்று, கணைக்காலின் உட்பக்கம் மேலே ஒன்று. பாரம் தாங்க வேண்டிய இடங்களும் அவைதான். வெளிப்பக்கம் சின்ன எலும்பின் மொட்டு வருகிற இடத்தில் உளியால் ஒரு பள்ளம், நோக நோகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டியிருக்கிறார். நான் செய்த சொக்கட், அதாவது மிச்சக் கால் நுழைகிற கிண்ணம், சரியாக அந்த இடத்தில்தான் இறுக்கமாக இருந்தது.

அடுத்த கிழமை பட்டறைக்கு வரச் சொல்லி முதலிலிருந்து தொடங்கினேன். நூலுறை போட்டு, எலும்பு வருகிற இடங்களை ஊதாப் பென்சிலால் குறித்து, பிளாஸ்டர்த் துணியை நனைத்துச் சுற்றி, சில்லுக்குக் கீழே இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அந்தச் சில நிமிடம் கை அசையக் கூடாது. வார்த்த அச்சில் பாரம் தாங்கும் இடத்தை அரத்தால் சீவி, எலும்பு நோகும் இடத்தில் பிளாஸ்டர் சேர்த்து உயர்த்தினேன். இந்த முறை எவ்வளவு உயர்த்துவது என்று அவருடைய பள்ளத்தை அளந்து வைத்திருந்தேன்.

அப்படியும் முதல் தரம் சரிவரவில்லை. கொஞ்ச நேரம் நடக்க விட்டுக் கழற்றித் தோலைப் பார்ப்போம், சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மொட்டில் சிவப்பு மறையவில்லை. சொக்கட்டின் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உள்ளிருந்து வெளியே தள்ளினேன், இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம். (இப்போது மிதிவெடியில் கால் போனவர்கள் வருவது குறைவு, சீனி வருத்தத்தில் கால் எடுத்தவர்கள்தான் வருகிறார்கள், அவர்களில் பலருக்குத் தோலில் உணர்வே இருக்காது, புண் வந்தாலும் நோகாது. அதனால் கழற்றியதும் கண்ணால் பாருங்கள், மற்ற முழுக் காலின் அடியையும் ஒவ்வொரு இரவும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.) கம்பிகளை விட்டுவிட்டு, பட்டறைக்குப் பின்னால் மணலில், வெறுங்காலோடு நிற்க வைத்துச் சாய்வைத் திருத்தினேன். குந்த வைத்தேன், சைக்கிள் ஏற வைத்தேன். மிச்சக் கால் மெலிய மெலிய எத்தனை காலுறை சேர்த்துப் போடுவது என்று அவருடைய மனைவிக்கும் காட்டிக் கொடுத்தேன். எல்லாமாக நாலு மாதம், ஏழு தரம் வந்து போனார்.

அதிலிருந்து யார் வந்தாலும் பிளாஸ்டரைத் தொடுவதற்கு முன் அரை மணித்தியாலம் பேச்சுத்தான். வீட்டுக்குள் செருப்புப் போடுவீர்களா, கக்கூசு குந்துகிறதா இருக்கிறதா, தோணியில் ஏற வேண்டுமா, எங்கே தொழுகிறீர்கள். ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு உம்மாவுக்கு நடப்பதை விட, தொழுகையில் முழங்காலை மடக்கி இருப்பதுதான் பெரிய கவலை, அதற்காகவே சொக்கட்டின் பின்விளிம்பைத் தாழ்த்தி வெட்டினேன்.

ஐயா அடுத்த வருடத் தேருக்குப் போனார். நானும் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மகனுடைய தோளைப் பிடிக்காமல் உள்ளே நடந்தார். கட்டையை மட்டும் அவர் விடவில்லை, "சேத்துக்க இதுதான் தம்பி சரி" என்றார். விதைப்புக் காலச் சேற்றில் பாதம் புதைந்தால் கால் கழன்றுவிடும், கட்டை புதைந்தால் லேசாகப் பிடுங்கி எடுக்கலாம், அவர் சொன்னது சரிதான். கட்டையின் அடி தேய்ந்திருந்தது. பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, புதிய டயர்த் துண்டு வெட்டி ஆணியடித்துக் கொடுத்தேன்.