பெயர் தெரியாத ஒன்பது பேர்

என் மேசையில் மூன்று ஆண்டுகளாக ஒரு கேபினட் அட்டை இருக்கிறது. கெட்டி அட்டையில் ஒட்டப்பட்ட அந்தப் பழுப்பேறிய படத்தில் ஒன்பது இளைஞர்கள், ஐவர் நின்றும் நால்வர் அமர்ந்தும், பேஸ்பால் உடையில் இருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே கயிறு கோத்து இறுக்கிய சட்டை. அதன் கீழே 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. விற்ற பழம்பொருள் வியாபாரி, இது 1880-களில் ஆடிய பாஸ்டன் தொழில்முறை அணி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நானும் அதை நம்பி, நடுவில் அமர்ந்திருக்கும் மீசைக்காரர் 1887-இல் சிகாகோவிலிருந்து பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்கப்பட்ட மைக் 'கிங்' கெல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, கெல்லியின் படங்களோடு ஒப்பிட்டே மூன்று வாரங்களைக் கழித்தேன். அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் பாதிப்பேர் அதே மீசையைத்தான் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம், முகத்தைக் கடைசியில் பார்ப்பது. யாரைப் பார்க்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகிறதோ அவரையே கண் காண்பித்துவிடும். துணிக்கும் அட்டைக்கும் பின்னணியில் தெரியும் மைதான வேலிக்கும் அப்படிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது.

முதலில் படம் எதன்மேல் பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகெரோடைப்பும், இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப்பும் பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியே பதிந்தவை. ஆண்களின் சட்டையில் காஜா அணிபவரின் இடப்பக்கமும் பொத்தான் வலப்பக்கமும் இருக்கும். படத்தில் அது மாறியிருந்தால் படமே திரும்பியிருக்கிறது என்று பொருள். வலக்கைக்காரர் இடக்கைக்காரராகத் தெரிவதும், தலை வகிடு எதிர்ப்பக்கம் போவதும் இதனால்தான். இதைக் கவனிக்காமல் காதையும் வகிட்டையும் பிற்காலக் காகிதப் படத்தோடு ஒப்பிடுவது வீண் வேலை. காகிதப் படத்தின் முதுகில் வரி முத்திரை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் உள்நாட்டுப் போரின் செலவுக்காக விதிக்கப்பட்ட அந்த வரி 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரை மட்டுமே நடைமுறையில் இருந்தது.

முகத்தை முதலில் பார்த்ததால் எழுந்த சர்ச்சைக்கு, நியூயார்க் நிக்கர்பாக்கர் என்ற பழைய பேஸ்பால் சங்கத்தினர் என்று சொல்லப்படும் ஆறு பேரின் டாகெரோடைப்பைச் சுட்டலாம். 1845-இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் அலெக்சாண்டர் கார்ட்ரைட், 1849-இல் மேற்கே புறப்பட்டு ஹவாயில் குடியேறி 1892-இல் அங்கேயே காலமானவர்; 1938-இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டவர். அந்த அறுவரில் ஒருவர் அவரே என்ற தலைப்போடு அப்படம் நெடுங்காலம் அச்சேறி வந்தது. பின்னர் முக அமைப்பை உறுப்பு உறுப்பாக ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அது அவரல்ல என்றார்கள். வேறு சிலர் பழைய கருத்தையே இன்றும் விடவில்லை. எனக்கு மறுப்பவர்களின் வாதமே வலுவாகப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் உடைதான் பெருந்துணை. முதுகில் எண் இருந்தால் வேலை எளிது என்று தோன்றும். ஆனால் நியூயார்க் யாங்கீஸும் கிளீவ்லேண்டும் நிரந்தரமாக எண் அணியத் தொடங்கியதே 1929-இல்தான். அதற்கு முந்தைய படங்களில் கழுத்துப் பட்டை, கோடு, எழுத்தின் வடிவம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். 1905 உலகத் தொடரை வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியினர், மறு ஆண்டு ஊர்ப் பெயருக்குப் பதிலாக 'உலக வாகையர்' என்று மார்பில் எழுதிக்கொண்டு ஆடினார்கள். அந்தச் சட்டையைக் கண்டால் 1906-ஐ ஒட்டிய படம் என்று எழுதிவிடலாம். அந்த ஆண்டு அணியில் இருந்தவர்களின் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டால், தேட வேண்டிய முகங்கள் ஆயிரத்திலிருந்து இருபது, முப்பதாகச் சுருங்கிவிடும். இதிலும் ஒரு பொறி உண்டு. மார்ச் மாதப் பயிற்சி முகாம்களில் முந்தைய ஆண்டின் பழைய சட்டைகளையே போட்டுக் கிழிப்பார்கள் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர் போன ஆண்டுச் சட்டையில் நிற்பார்.

படத்திலேயே பெயர் எழுதியிருந்தாலும் தலைவலி தீராது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள பெய்ன் செய்தி நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களில் பெரும்பாலும் குடும்பப் பெயரும் அணியும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். 'காலின்ஸ், சிகாகோ' என்று இருந்தால் என்ன செய்வது? 1915 முதல் 1920 வரை சிகாகோ ஒயிட் சாக்ஸில் எடி காலின்ஸும் ஷேனோ காலின்ஸும் சேர்ந்தே ஆடினார்கள். நல்ல வேளையாக எடி இடக்கை மட்டையாளர், ஷேனோ வலக்கை மட்டையாளர். மட்டையோடு நிற்கும் படமாக இருந்தால் தப்பித்தோம்.

கையே பெயர் சொல்லிவிடும் அதிர்ஷ்டமும் அபூர்வமாக வாய்க்கும். சிகாகோ கப்ஸின் மொர்டகாய் பிரௌன் சிறு வயதில் பண்ணை இயந்திரத்தில் வலக்கைச் சுட்டுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர். அந்தக் கை பந்தைப் பிடித்திருக்கும் படத்தில் முகம் மங்கியிருந்தாலும் கவலையில்லை.

இனி என் அட்டை. அதன் அடியில் அச்சிட்டிருக்கும் நிழற்பட நிலையத்தின் முகவரி பாஸ்டன் அல்ல, பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூர். ஊரின் பெயரும் 'பி'யில்தான் தொடங்குகிறது. இதை முதல் நாளே படித்திருந்தால் கெல்லிக்கு அந்த மூன்று வாரம் போயிருக்காது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், நிற்பவர்களில் இடமிருந்து இரண்டாமவர் தோழரின் தோளில் வைத்திருக்கும் வலக்கையில் மோதிர விரல் முதல் கணுவிலேயே வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது; நடுவிரலின் கணு வீங்கியிருக்கிறது. கையுறை என்று பெயருக்கு ஒரு மெல்லிய தோலைப் போட்டுக்கொண்டு பந்தை வாங்கிய காலத்து கேட்சரின், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரின், கை அது. அட்டையின் பின்னே பென்சிலில் எழுதிய பெயர்களில் பெரும்பாலானவை தேய்ந்துவிட்டன. வரிசைப்படி இவருக்கு உரிய இடத்தில் 'எச்' மட்டும் தெரிகிறது.

ஆகவே இப்போது அந்த ஊரின் பழைய செய்தித்தாள்களில் வரும் ஆட்டப் பட்டியல்களை வாரம் வாரமாகப் படித்து வருகிறேன். 'எச்'சில் தொடங்கும் பெயருள்ள ஒரு கேட்சர் 1886 கோடையில் ஆறு ஆட்டங்களில் வருகிறார். குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. முதற்பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.