வருத்தப்படுவதற்கு ஆள் இருக்க வேண்டும்

சென்ற மாதம் பெருந்துறைப் பக்கம் ஓர் எழவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் வீடு. பந்தலடியில் ஒருவர் கடன் என்றார், இன்னொருவர் தறி ஓடவில்லை என்றார். ஐம்பது வருட வாழ்க்கையை ஒரு வரியில் அடைத்துவிடும் அவசரம் நம் ஊர்ப் பந்தல்களுக்கு உண்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமாவோ அவரவர் உயிர் அவரவர் உரிமை என்று வாதிட்டார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து, உயிர்விட்டதைப் புறநானூறு இகழவில்லையே என்றார். பக்கத்து விஜயமங்கலத்துச் சமணக் கோயிலில், நோன்பிருந்து உயிர்நீத்தவருக்கு எழுப்பிய நிசீதிகைக் கல்வெட்டையும் துணைக்கு அழைத்தார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு செல்லாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றிவிட்டதை அவர் சொல்லவில்லை; நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

தேநீர்ப் போசியோடு வந்த சித்தி நின்றுவிட்டார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த விளிம்பு வரை போய் மீண்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் அதை "சித்திக்கு உடம்பு சரியில்லாதப்போ" என்றுதான் சொல்வோம்.

"அன்னைக்கு நான் போயிருந்தா வருத்தமே பட்டிருக்க மாட்டேனுங்ணா. வருத்தப்படறதுக்கு ஆள் இருக்கோணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, மாமாவின் டம்ளரில் தேநீரை ஊற்றினார்.

திரும்பும் வழியில் காரில் மெதுவாகக் கேட்டேன். பிழைத்த மறுநாளே மனம் மாறியது என்று அவர் சொல்வாரென எதிர்பார்த்தது என் பேதைமை. ஒரு வருடம் வரை, காப்பாற்றியவர்கள் மேல் கோபமாகத்தான் இருந்ததாம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து விசாரணை நடத்திய காவலர் மேல் இன்னும் கோபமாம். (அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொன்னது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை.) பிறகொரு நாள், அடுத்த போகத்துக்கென்று விதை மஞ்சளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், தான் அடுத்த வருடத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்ததாம்.

மாமாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: பலர் அறிய, நண்பனுக்கு இடம் ஒதுக்கிவைத்துக் காத்திருந்த சோழனையும், வேறு எந்த வழியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இரவில் தனித்திருந்த மனிதரையும் ஒரே தராசில் ஏற்ற முடியாது. அந்த இருட்டு கடந்துபோகக்கூடியது. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி ரிச்சர்ட் சைடன் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் அதன்பின் உயிரோடிருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அவர்கள் அன்று செய்தது தேர்வு என்றால், பின்னால் வாழ்ந்ததை என்னவென்று சொல்வது?

இறந்தவரைத் தீபாவளிக்கு முன் சந்தையில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது; கேட்காமல் வந்துவிட்டேன். இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416, என் கைப்பேசியில் அப்போதும் இருந்தது.

இதைச் சொன்னபோது சித்தி பையைத் துழாவிப் பால் சொசைட்டி அட்டையை எடுத்தார்.

"அந்த நெம்பரை இன்னொருக்கா மெதுவாச் சொல்லு கண்ணு. அந்தப் புள்ள, அவரு சம்சாரம், ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம்."