கேத் லேப் (இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறை) வாசல்வரை போய்த் திரும்பிய கதை

ஏஎஃப், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் (கோளாறான துடிப்பை உள்ளே சுட்டுத் தடுக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு வரும் தலைவலியை மட்டும் யாரும் சொல்லவில்லை. நமக்கு இரண்டு டாக்டர்கள். ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாக பம்ப் செய்யாத நிலையைப் பார்ப்பவர் ஒருவர், துடிப்பைப் பார்க்கும் இபி டாக்டர் இன்னொருவர். இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவர் எழுதியது இன்னொருவர் மேசைக்குத் தானாகப் போகாது. நடுவில் தபால்காரர் வேலை நம்முடையது.

எனக்கு ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை கொடுத்தும் பலனில்லை, தைராய்டு கெட்டதுதான் மிச்சம். 2018இல் வெளியான காஸில்-ஏஎஃப் ஆய்வைச் சொல்லித்தான் இபி டாக்டர் அப்லேஷனுக்கு வழி காட்டினார். ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்கள் பக்கம் இறந்தவர்களும், ஹார்ட் ஃபெயிலியர் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் சேர்த்து 44.6 சதவீதம். அப்லேஷன் பக்கம் 28.5. "மொத்தமே 363 பேர்தான், எல்லாரும் ஏற்கெனவே ஐசிடி, அதாவது ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கும் கருவி வைத்தவர்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவரே சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் நம்பிக்கை வந்தது. சரி என்றேன்.

அதன்பிறகுதான் ஆரம்பித்தது. அட்மிஷன் மேசையிலிருந்து போன்: "ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிற மாத்திரையை 2 நாள் முன்னாடியே நிறுத்திடுங்க." கொடுத்த தாளிலும் அதுவே அச்சாகி இருந்தது. அப்லேஷனுக்குமா இது என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான் சார்." நிறுத்தினேன்.

அன்று காலை தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்தார்கள். இடது மேலறையின் ஓரத்தில் பை மாதிரி ஒரு பகுதி உண்டு. அதற்குள் ரத்தக்கட்டி. ஏஎஃப்பில் மேலறை சரியாகச் சுருங்காமல் ரத்தம் தேங்கும் இடமே அதுதான். பம்ப் பலவீனமானால் தேக்கம் இன்னும் கூடும். கட்டி இருக்கும்போது கத்தீட்டரை (சிகிச்சைக்கான மெல்லிய குழாயை) உள்ளே விட்டால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம். எனவே அப்லேஷன் ரத்து. "யார் நிறுத்தச் சொன்னது?" என்றார் இபி டாக்டர். தாளை நீட்டினேன். பொதுவான அறுவை சிகிச்சைகளுக்கு என்று யாரோ எப்போதோ அடித்த தாள். இந்தச் சிகிச்சைக்கு அந்த மாத்திரை முன்னும் பின்னும் விடாமல் ஓட வேண்டும், அதிகபட்சம் ஒரு வேளை தள்ளுவார்கள், அவ்வளவுதான். கட்டி அந்த 2 நாளில் வந்ததா, முன்பே இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் மாத்திரை, மறுபடியும் தொண்டைக் குழாய். புதுத் தேதி கேட்கப் போனால் அதே மேசையில், "பழைய ஃபார்ம் செல்லாது, புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க."

இரண்டாம் முறை ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதி, எதிரே "தொடர்", "நிறுத்து" என்று இபி டாக்டர் கையாலேயே குறித்து வாங்கினேன். இதை எல்லாரும் செய்யுங்கள். சர்க்கரை மாத்திரையையும் நீர் மாத்திரையையும் விடாமல் கேளுங்கள்.

அப்லேஷன் நன்றாகவே முடிந்தது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களின் வாயைச் சுற்றிச் சுட்டு, தப்பான மின்துடிப்பு அங்கிருந்து இதயத்துக்குள் வராமல் தடுப்பார்கள். எனக்கு மயக்கம், ஒன்றும் தெரியாது.

சங்கடம் வார்டில். தொடை இடுக்கில் துளை போட்டிருப்பதால் காலை மடக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். இருட்டியதும் மூச்சு முட்டியது, கூடவே வறட்டு இருமல். நர்ஸ் பதட்டம் என்றார். சுடும்போது நுனி சூடேறாமல் இருக்க, நான் செய்துகொண்ட வகையில் கத்தீட்டர் வழியாகவே சலைன் ஓடிக்கொண்டிருக்கும். அது முழுக்க நம் ரத்தத்தில்தான் சேரும். நல்ல இதயம் சமாளிக்கும், என்னுடையது சமாளிக்காது. என் மனைவி கட்டில் முனையில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே போன அளவு சுத்தமாக எழுதியிருந்தது. சிறுநீர் அளவுக்கான கட்டம் காலி! அதைப் பிடித்துக்கொண்டு போய் டியூட்டி டாக்டரிடம் நின்றாள். ஊசி போட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். சிறுநீர் பிரியப் பிரிய மூச்சு முட்டல் குறைந்தது. அன்றைய ஹீரோ அவள்தான்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் எடை பாருங்கள். திடீரென ஏறினால் அது நீர்தான், உடனே போன் செய்யுங்கள்.

அப்புறம், முதல் 2, 3 மாதத்தில் படபடப்பு திரும்ப வரலாம். சுட்ட இடம் ஆறும் காலம் அது. எனக்கும் வந்தது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் ஈசிஜியைப் பார்த்ததும், "அப்லேஷன் ஃபெயில் ஆயிடுச்சு" என்று போட்டு உடைத்தார். இபி டாக்டர் மயக்கம் கொடுத்து ஒரு ஷாக் வைத்துச் சரிசெய்து அனுப்பினார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரு விஷயம், நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. இதயத்துக்குப் பின்னால் ஒட்டியபடி உணவுக்குழாய் இருப்பதால், மிக அபூர்வமாக அந்தச் சூடு அதையும் புண்ணாக்கி ஓட்டை விழச் செய்துவிடும். சில வாரம் கழித்துக் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் உடனே ஓட வேண்டும். போன இடத்தில் முதல் வார்த்தையாக அப்லேஷன் ஆனதைச் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி செய்யலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஆபத்து. சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும்.

மறு எக்கோவை மேசைக்காரர்கள், சுட்ட இடம் ஆறும் முன்பே, ஒரு மாதத்திலேயே போட்டுவிட்டார்கள். டாக்டரிடம் கேட்டுத் தள்ளிப் போட வைத்தேன். வந்த ஈஎஃப் 45. அமியோடரோன் நின்றது. உறைவைத் தடுக்கும் மாத்திரை மட்டும் தொடர்கிறது. துடிப்பு சரியானாலும், வயதையும் ஹார்ட் ஃபெயிலியரையும் வைத்துத்தான் அதை முடிவு செய்வார்களாம்.